இரண்டு ஊர், ஒரு நாலாம் வகுப்பு

என் பள்ளிக்கூடத்தில் சில நாள் ஒரு வகுப்புக்கே காய்ச்சல் வரும். மறுநாள் வகுப்புக்கே சரியாகிவிடும். ஒருமுறை மூன்றாம் வகுப்பு தன் அத்தை வீட்டு விசேஷத்துக்குக் கீழவைப்பாருக்குப் போய், திரும்பி வரும்போது காது குத்திக்கொண்டு வந்தது. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. அந்த வகுப்பில் இருந்ததே ஒரே ஒரு பெண்பிள்ளை.

தூத்துக்குடிக்கு வடக்கே கடலை ஒட்டிய ஊர் அது. அங்கே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்கு நான் தலைமையாசிரியை. எனக்குக் கீழே ஓர் ஆசிரியை, அவ்வளவுதான் என் ராஜ்ஜியம். தினமும் சாயர்புரத்திலிருந்து ஸ்கூட்டரில் போவேன். "இன்னைக்கு யாருக்குத் தலைமை தாங்கப் போறே?" என்று என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்பார். ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்புவேன். ஊரில் பாதிப் பேர் வேலை தேடி டவுனுக்கே குடி போய்விட்டார்கள். மீதிப் பேர் வீட்டில் ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை. அதிலும் பாதியை டவுன் பள்ளிக்கூட வேன் வந்து அள்ளிக்கொண்டு போனது.

இந்தப் பெண் முதல் வகுப்பில் சேர்ந்த வருடம் அவள்தான் முதல் வகுப்பு. அடுத்த வருடம் அவள்தான் இரண்டாம் வகுப்பு. எனக்கும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டது. "மூணாங்கிளாஸ், இங்க வா" என்றால் ஒற்றை ஆளாக எழுந்து வருவாள். மற்ற வகுப்புகளிலாவது இரண்டு பேர், மூன்று பேர் இருந்தார்கள். பாடப் புத்தகத்தில் "நண்பருடன் சேர்ந்து செய்க" என்று வந்தால் நான்தான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நண்பர் ஆக வேண்டும். என் முட்டிக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கும் திருப்தி இல்லை. "நீங்க வேணும்னே தோக்கிய டீச்சர்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். நான் தோற்றது வேண்டுமென்றே இல்லை என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

உப்பளத்துக்கு அந்தப் பக்கம், பனங்காட்டை ஒட்டி, கடைக்காரர்கள் ஊர். அங்கேயும் ஒரு தொடக்கப்பள்ளி, அங்கேயும் இதே கதை. அந்தத் தலைமையாசிரியைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஒவ்வொரு கோடையிலும் பிள்ளை சேர்க்க இருவரும் வீடு வீடாக ஏறுவோம், வழியில் பார்த்தால் மட்டும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொள்வோம். இந்த வருடம் இரண்டு பள்ளிகளையும் ஒன்றாக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அவர்கள் கட்டடம் புதிது, சுற்றுச்சுவர் உண்டு, கழிப்பறையில் தண்ணீர் வரும். எங்கள் கூரையிலிருந்து காரை உதிரும். எங்கே சேர்ப்பார்கள் என்பதில் என்ன சந்தேகம்? தலைமை நாற்காலியும் அவருக்குத்தான், அவர் என்னைவிட மூத்தவர். எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தப் பள்ளியிலும், என் மூணாங்கிளாஸ் பிள்ளையைப் போலவே, மூன்றாம் வகுப்பில் ஒரே ஒரு பெண் இருந்தாள். பள்ளிக்கூடம் திறந்தால் இரண்டு பேரும் நாலாம் வகுப்பு. இதை விடுமுறைக்கு முந்தின நாள் என் பிள்ளையிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னை மூச்சுவிட விடவில்லை. விடுமுறையில்கூட அம்மாவின் போனிலிருந்து கூப்பிடுவாள். "டீச்சர், அவ மீன் திம்பாளா? டீச்சர், அவளுக்கு நீச்சல் தெரியுமா? டீச்சர், அவளுக்கு என்னைப் புடிக்காமப் போயிட்டா?"

அந்த நேரத்தில்தான் இடி விழுந்தது. அந்த ஊர்ப் பெண்ணின் அப்பா, பலசரக்குக் கடை அண்ணாச்சி, மகளை டவுன் பள்ளிக்கூடத்துக்கு வேனில் அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார். நான் ஸ்கூட்டரைத் திருப்பி நேராக அவர் கடைக்குப் போனேன்.

"டீச்சர், ஒத்தப் பிள்ளைய உக்காத்தி வச்சு மூணு வருசம் ஓட்டியாச்சு. பக்கத்துல ஒரு பிள்ள இல்லாம அது என்ன கிளாஸ்?" என்றார்.

"அதான் எங்க ஊர்ப் பிள்ளை வருதே அண்ணாச்சி."

"நீங்க சொல்லுதிய. நான் கண்ணால பாக்கணும்லா? சரக்கப் பாக்காம நான் கடைக்குள்ள ஏத்துனதே கிடையாது. தொறக்க அன்னைக்கு ஒன்பதரைக்கு வேன் வரும். அதுக்குள்ள உங்க பிள்ள எம்பிள்ளைக்குப் பக்கத்துல உக்காந்திருந்தா இங்கனயே படிக்கட்டும். இல்லைன்னா வேன்ல ஏத்திருவேன்."

என் பிள்ளையின் அம்மாவிடம் மட்டும் இதை ரகசியமாகச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் நாலாம் வகுப்பு போன் செய்துவிட்டது. "டீச்சர், வேன் முன்னக்கூட்டியே வந்துராதே?"

எங்கள் ஊரில் வேறு பிரச்சினை. பிள்ளைகளைக் கையை வீசிக்கொண்டு இன்னொரு ஊர் வாசலில் கொண்டு நிறுத்துவதா என்று பெரியவர்கள் குதித்தார்கள். இப்போதெல்லாம் ஊர்க்காரர்கள் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல மேளதாளத்தோடு பள்ளிக்கூடத்துக்குத் தேவையானதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறார்களே, கல்விச் சீர் என்று, அதைக் கொண்டுபோவது என்று முடிவானது. மீன்பிடித் தடைக்காலம் வேறு. விசைப்படகு ஆட்களெல்லாம் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தார்கள். சும்மா இருக்கும் மனிதர்களிடம் ஒரு விசேஷத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அன்று பார்த்தேன். பாய், குடம், சுவர்க்கடிகாரம், மின்விசிறி, தாம்பாளம் தாம்பாளமாக நோட்டும் பென்சிலும். கடைசியாக ஒரு இரும்பு பீரோ. அதை ஆறு பேர் தோளில் தூக்கினார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பேண்டு செட்.

ரோட்டு வழியாக வருவதாகத்தான் அந்தத் தலைமையாசிரியையிடம் சொல்லியிருந்தேன். ஆனால் கடற்கரையில் சிலுவை நிற்கும் குருசடியில் மெழுகுவர்த்தி ஏற்றாமல் எங்கள் ஊரில் ஒரு நல்ல காரியமும் கிளம்பாது. ஏற்றிவிட்டு, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இப்படியே கரையோடு போய்விடலாம் என்றார்கள். கச்சான் காற்று மணலை வாரி இறைத்தது. பீரோ தூக்கியவர்கள் கால் புதையப் புதைய நடந்தார்கள். நாலாம் வகுப்பு இரட்டைச் சடையில் ரிப்பன் பறக்க எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். பேண்டு செட்டுக்கு நடுவே வேறொரு மேளச் சத்தம் கேட்டதுபோல இருந்தது. நம் சத்தம்தான் உப்பளத்தில் பட்டுத் திரும்புகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் வந்தது. வாசலில் குருத்தோலைத் தோரணம், உள்ளே காலைச் சாப்பாட்டுக்குப் பொங்கல் வாசனை. மனிதர்களைத்தான் காணோம். சமையல்கார அக்கா மட்டும் கரண்டியோடு வெளியே ஓடி வந்தாள்.

"ஐயோ டீச்சர், எல்லாரும் உங்களக் கூட்டிட்டு வரத்தான போயிருக்காவ! சீர் கொண்டு வாறவங்கள எதுத்தாப்ல போயி அழைக்கணும்னு அண்ணாச்சிதான் மேளம் வச்சு, பிள்ளைகளையும் கூட்டிட்டு ரோட்டு வழியாப் போயிருக்காரு!"

அந்தத் தலைமையாசிரியைக்குப் போன் போட்டேன். அவர் என் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அங்கனயே இருங்க, நாங்க வாரோம்" என்றார் அவர்.

"நீங்க மறுபடி நடக்கக் கூடாது. நாங்கதான் வரணும்" என்றேன் நான்.

"சீர் கொண்டு வந்தவங்களைத் திருப்பி அலைய விட்டா எங்க ஊருக்கு மரியாதையா இருக்குமா?"

"அழைக்க வந்தவங்களை வெறும் வாசல்ல நிக்க வச்சா எங்க ஊருக்கு மரியாதையா இருக்குமா?"

இப்படியே மரியாதையில் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டோம். கடைசியில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்தேன். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அவர் ரோட்டு வழியாகப் போனவர், அந்த வழியாகவே எதிரே போனால் வழியில் பிடித்துவிடலாம். சரியான கணக்கு. அங்கே அவர் போட்ட கணக்கும் இதேதான். நாங்கள் கரை வழியாக வந்தோம் என்று கேள்விப்பட்டுக் கரை வழியாகக் கிளம்பிவிட்டார்.

"ஏலே, தூக்குங்கலே பீரோவ!" என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். தூக்கினார்கள். பீரோவை இறக்கி வைத்துவிட்டுப் போகலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒப்படைக்காமல் சீரை இறக்கி வைப்பதாவது! என் நாலாம் வகுப்பு மட்டும் அசையவில்லை. "நான் வரல டீச்சர். அவ வந்து பாக்கும்போது நான் இல்லைன்னா?" சமையல்கார அக்கா அவளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். மற்ற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாங்கள் ரோட்டில் நடந்தோம்.

ரோட்டில் உப்பு லாரிகளைத் தவிர வேறு யாரையும் காணோம். எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டோம். வாசலில் கொஞ்சம் உதிரிப்பூவும் ஒரு நாயும் கிடந்தன. பீரோ தூக்கியவர்கள் அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்தார்கள். மறுபடியும் போன்.

"நாங்க எங்க ஸ்கூலுக்கே வந்து நிக்கோம்! நீங்க எங்கன இருக்கிய?" என்று அவர் கத்தினார்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. போனின் அந்தப் பக்கமும் அவர் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. இத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் நிஜமாகச் சிரித்தது அன்றுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மணியைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஒன்பதரை ஆக ஐந்து நிமிடம்தான் இருந்தது.

என் ஸ்கூட்டர் அங்கேதான் நின்றது. பிள்ளைகளை என் ஆசிரியையிடம் விட்டுவிட்டு, சீரையும் பேண்டு செட்டையும் அப்படியே போட்டுவிட்டு, நான் மட்டும் பறந்தேன். உப்பளத் திருப்பத்தில் எனக்கு முன்னால் அந்த மஞ்சள் வேன் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் முன்னால் ஒரு உப்பு லாரி. வேனை முந்த முடியவில்லை, ஹாரன் அடித்து அடித்துக் கட்டைவிரல் வலித்தது. உப்பு லாரியை வாழ்நாளில் ஒருமுறைகூட வாழ்த்தியிராத நான், இன்னும் மெதுவாப் போ ராசா என்று வேண்டிக்கொண்டேன். அது கேட்காமல் வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது வேன் வாசலில் நின்றது, கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஓடினேன். அண்ணாச்சி வகுப்பறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். வேட்டியில் முழங்கால் வரை மணல், கையில் இன்னும் ஆரத்தித் தட்டு. டிரைவர் பின்னாலேயே வந்து, "அண்ணாச்சி, நேரமாச்சு, பிள்ளைய அனுப்புங்க" என்றார்.

"செத்தப் பொறும்வே" என்றார் அண்ணாச்சி, திரும்பிப் பார்க்காமலே.

அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். முதல் வரிசையில் இரண்டு நாலாம் வகுப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. யாரும் சொல்லாமலே நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கரும்பலகையில் யாரோ எப்போதோ எழுதி அழிக்காமல் விட்ட கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் என் பிள்ளை துள்ளி எழுந்தாள்.

"டீச்சர்! இவ என்னைப் பாத்து எழுதுதா டீச்சர்!"

"பொய் டீச்சர்! இவதான் என்னைப் பாத்து எழுதுதா!"

அண்ணாச்சி டிரைவர் பக்கம் திரும்பினார். "நீரு கிளம்பும்வே. இங்கன கிளாஸ் நடக்கு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூன்று வருடமாக என் பிள்ளை நோட்டை விரித்துப் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் விடையைத் திருட அந்த வகுப்பில் ஒருவரும் இல்லை. இப்போது உட்கார்ந்ததும் உட்காராததுமாக இடது கையை வளைத்து நோட்டை மறைத்துக்கொண்டாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.