எழுத்தை எடுத்துவிட்ட படங்கள்

அக்கா மகள் கல்யாணத்துக்காகக் காட்பாடி போயிருந்த நீலா மூன்று வாரம் கழித்து, செகந்திராபாத் பக்கம் அல்வாலில் இருந்த வீட்டுக்குத் திரும்பினாள். கூடத்தில் பெட்டியை இறக்கி வைத்ததும் கண்ணாடி அலமாரி கண்ணில் பட்டது. அதில் இருந்த டிவிடிக்களில் ஒன்றைக்கூடக் காணோம். மூன்று அடுக்குகளிலும் ஒரு பீங்கான் டீ செட்டைப் பரப்பி வைத்திருந்தார்கள். 2010 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை அது.

"என் டிவிடி எல்லாம் எங்க?"

அவள் கணவர் நடேசன் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரைக் காட்டினார். அவருக்கு மௌலா அலி ரயில்வே டீசல் ஷெட்டில் வேலை. கம்ப்யூட்டரில் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. எல்லாம் செய்தது அவருடைய தம்பி தமிழ்ச்செல்வன், வீட்டில் செல்வம், கொண்டாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன்.

"எல்லாப் படத்தையும் செல்வம் இதுக்குள்ள ஏத்திட்டான். இனிமே டிவிடி தட்டைத் துடைக்க வேணாம், தேட வேணாம். நீதான ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்த?"

கேட்டது உண்மைதான். நாலைந்து வருடமாகிவிட்ட தட்டுகள் பாதியில் நிற்கத் தொடங்கியிருந்தன. சிலவற்றின் ஓரத்தில் காப்பிக் கறை மாதிரி ஒன்று படர்ந்தது. கெட்டுப்போவதற்குள் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நீலா உட்கார்ந்து ஒரு படத்தைத் திறந்தாள். படம் ஓடியது. கீழே வசன எழுத்து வரவில்லை. இன்னொன்றைத் திறந்தாள். அதிலும் இல்லை. இருந்த பட்டன்களை எல்லாம் அழுத்திப் பார்த்தாள். பத்துப் பதினைந்து படம் திறந்து மூடிய பிறகு கொழுந்தனுக்கு, எழுத்து எங்கே என்று செல்போனில் ஒரு செய்தி அனுப்பினாள். உடனே பதில் வந்தது: படம் பளிச்சென்று இருக்கட்டுமே என்று எழுத்தை எடுத்துவிட்டேன் அண்ணி. இடமும் மிச்சம்.

நீலாவுக்குக் காது கேட்காது.

பிறவியில் அப்படி இல்லை. 1994இல் மூளைக்காய்ச்சல் வந்து மூன்றே வாரத்தில் இரண்டு காதும் போயின. அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. நானும் அவளும் ஒரே பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில், வரைபடப் பிரிவில் அடுத்தடுத்த மேஜை. அதற்கு முன்பெல்லாம் எந்தப் படம் வந்தாலும் முதல் வாரத்திலேயே "சுமதி, கிளம்பு" என்று என்னையும் செகந்திராபாத்துக்கு இழுத்துப் போவாள். காய்ச்சலுக்குப் பிறகு தியேட்டர் பக்கமே போகவில்லை. முகத்துக்கு நேரே நின்று தமிழில் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். சினிமாவில் அது நடக்காது. நடிகர் திரும்பிக்கொள்வார், அல்லது வேறு யாரோ குரல் கொடுத்திருப்பார்கள், உதடு ஒன்று சொல்ல வசனம் வேறாக இருக்கும்.

எட்டு வருடம் அப்படியே போனது. 2002இல் வீட்டுக்கு டிவிடி பிளேயர் வந்தது. ஒரிஜினல் தட்டுகளில் அடியில் ஆங்கிலத்தில் வசனம் ஓடும் என்று கண்டுபிடித்தாள். அன்று முதல் தமிழ்ப் படத்தை ஆங்கில எழுத்தில் படித்துப் பார்க்க ஆரம்பித்தாள். மாமா என்று உருகும் இடத்தில் 'அங்கிள்' என்று போட்டிருந்தால் மறுநாள் ஆபீசில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஸ்டேஷன் ஓரத்தில் விற்ற திருட்டு டிவிடியில் எழுத்து இருக்காது என்பதால் ஒன்றுகூட வாங்கியதில்லை. யார் சிங்கப்பூர் போனாலும் கையில் பட்டியல் கொடுப்பாள். இப்படிச் சேர்ந்தவை இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் நடு வளையத்திலும் வரைபடத்துக்கு எழுதும் அதே நேர்க்கையெழுத்தில் 'நீ.ந.' என்றும் ஓர் எண்ணும் எழுதியிருப்பாள்.

திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்தவளின் முகம் கறுத்திருந்தது.

"செல்வம்கூட பரவால்ல, சுமதி. எப்பவோ வர்றவன். இவரு எட்டு வருஷமா அதே சோபாவுல என் பக்கத்துல உக்காந்து பாத்தவரு. எழுத்து போச்சேங்கன்னா, 'அது படத்தை மறைச்சிட்டுதான இருந்துச்சு'ங்கறாரு."

அவள் குரலின் உயரம் அவளுக்குத் தெரியாது. பிரிவு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"தட்டு எங்க போச்சு? அதைக் கேளு முதல்ல" என்றேன்.

"கேட்டேன். சைனிக்புரியில டிவிடி வாடகைக் கடை இருக்குல்ல, அங்க கொடுத்துட்டாங்களாம். பதிலுக்கு ஆயுசு முழுக்க இலவச மெம்பர்ஷிப். யார் பேர்ல தெரியுமா? செல்வம் பேர்ல."

அன்றைக்கே அரை நாள் லீவு போட்டு இருவரும் ஆட்டோவில் போனோம். கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், மரியாதையான மனிதர்தான். நீலாவின் தட்டுகளுக்குக் கடை ஸ்டிக்கர் ஒட்டி அடுக்கிவிட்டிருந்தார். விஷயத்தை நான் இந்தியில் சொன்னேன்.

"வாபஸ் நக்கோ, மேடம். ஆப்கே கர்வாலே தியே நா? அப் கைக்கு?"

என்ன சொல்கிறார் என்று நீலா என் முகத்தைப் பார்த்தாள். "தர மாட்டாராம். வீட்டுக்காரங்களே கொடுத்ததாம். இப்ப எதுக்குத் திரும்பக் கேக்கறீங்கங்கறாரு" என்றேன்.

நீலா அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து, உறையைத் திறந்து, நடு வளையத்தை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"இது என் பேரு. இது என் கையெழுத்து. கொடுத்தவன் பேரு இதுல எங்கயாவது இருக்கா பாருங்க. எனக்குக் காது கேக்காது. இந்த எழுத்து இல்லாம எனக்குப் படம் கிடையாது. அவரு கிட்ட அப்படியே சொல்லு சுமதி, ஒரு வார்த்தை விடாம."

தெருவே கேட்கும்படி கத்தினாள். கடையில் இருந்த இரண்டு பேர் நழுவினார்கள். மெதுவாகப் பேசு என்று நான் கையால் சாடை காட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வெட்கமாகிவிட்டது. கையை இறக்கிக்கொண்டு, அவள் சொன்னதை அப்படியே இந்தியில், அவள் அளவு சத்தமாகவே சொன்னேன்.

கடைக்காரர் தட்டை வாங்கி அந்த வளையத்தைப் பார்த்தார். பிறகு மெம்பர்ஷிப் அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தால் தட்டுகளைத் தருவதாகச் சொன்னார். நீலா ஆட்டோவை நிறுத்தி வைத்துவிட்டு, நடேசனுக்குப் போன் செய்யும்படி என்னிடம் சொன்னாள். நடேசன் ஷிப்டை விட்டுவிட்டு, தம்பியிடம் அட்டையை வாங்கிக்கொண்டு வந்து சேர மூன்று மணி நேரமானது. அதுவரை நீலா கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தன் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டிக்கரை உரித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை, நான்தான் குடித்தேன்.

வாடகைக்குப் போயிருந்தவை அன்று கிடைக்கவில்லை. ஒரு மாதம் வாராவாரம் போய்க் கேட்டு வாங்கினோம். சிலவற்றைக் கரண்டியால் சுரண்டிய மாதிரி கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இருபத்தொன்பது தட்டு கடைசிவரை வரவில்லை.

முதல் நாள் நடேசன் அட்டையோடு கடை வாசலில் வந்து நின்றபோது ஏதோ சொல்லத் தொடங்கினார். நீலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று தொடங்கியது அது. அவர் பேச வாயெடுத்தால் அவள் சுவரைப் பார்ப்பாள், ஜன்னலைப் பார்ப்பாள், அடுப்பைப் பார்ப்பாள். உதட்டைப் பார்க்காவிட்டால் அவளுக்கு எந்தப் பேச்சும் இல்லை. அவர் சீட்டு எழுதி மேஜையில் வைத்தார். படிக்காமலே அதன் மேல் காய் நறுக்கினாள். இது தை மாதம்வரை நீடித்தது.

தமிழ்ச்செல்வன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். அன்று நானும் இருந்தேன்.

"அண்ணி, இதுக்குப் போய் இவ்வளவு கோவமா? தட்டைக் குடுங்க, எழுத்தோட மறுபடி ஏத்தித் தர்றேன். ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம்."

"நீ என் கம்ப்யூட்டரைத் தொடாத."

"உங்களுக்கு அதெல்லாம் தெரியாதே அண்ணி."

"படம் பளிச்சுன்னு இருக்கணும்னு யாருக்காக நினைச்சடா? எனக்கா, உனக்கா?"

அவன் எழுந்து செருப்பை மாட்டினான்.

அவளே கற்றுக்கொண்டாள். ஆபீஸ் முடிந்து வந்து இணையத்தில் தேடித் தேடிப் படித்தாள். படத்தைச் சுருக்காமல், தட்டில் உள்ளதை எழுத்து, ஒலி என்று ஒன்றும் விடாமல் முழுதாக ஒரே கோப்பாக எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டாள். ஒரு படமே ஆறேழு ஜிபி வந்தது. செல்வம் ஏற்றியது எழுநூறு எம்பி. பெரிய ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கினாள். தட்டை சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைப்பாள். வட்டமாகத் துடைத்தால் கீறல் பாதையோடு ஓடிப் படிக்க முடியாமல் போய்விடும் என்பாள். நகல் எடுத்ததும் ஆரம்பத்தில் ஓர் இடம், நடுவில் ஓர் இடம், முடிவில் ஓர் இடம் ஓட்டிப் பார்ப்பாள். எழுத்து வந்தால்தான் அடுத்த தட்டு.

ஆகஸ்டில் டிவிடி டிரைவ் சூடாகிச் செத்துப்போனது. புது டிரைவ் மாட்டியபின் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தாள். சில தட்டுகள் முக்கால்வாசியில் நின்றுவிடும். அப்போதெல்லாம் கோபம் புதிதாகக் கிளம்பும். "இது போன வருஷம் நல்லா ஓடிச்சு" என்று மேஜையைக் குத்துவாள். ஆறு தட்டுகள் எதற்கும் மசியவில்லை. மீதி நூற்று எழுபத்தேழையும் தை பிறப்பதற்கு முன் முடித்தாள்.

பொங்கலன்று தமிழ்ச்செல்வனும் அவன் மனைவி ஸ்மிதாவும் வந்தார்கள். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு நீலா கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்துப் படம் போட்டாள். ஸ்மிதா தெலுங்குப் பெண், தமிழ் நன்றாகப் புரியும். வழக்கம்போல, "அக்கா, அந்த லெட்டர்ஸ் ஆஃப் பண்ணிடலாமா?" என்றாள். இத்தனை வருடமும் விருந்தாளி வந்தால் நடேசன் எழுத்தை நிறுத்திவிடுவார், நீலாவும் பேசாமல் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். அது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

நீலா ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "எழுத்து இருக்கும். கஷ்டமா இருந்தா பால்கனியில காத்து நல்லா வருது."

யாரும் எழுந்து போகவில்லை. நடேசன் எழுந்தார். டிவிக்குப் பக்கத்தில், நீலா முகத்தைத் திருப்ப இடமில்லாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

"தப்பு என்னோடது. செல்வம் கேட்டான், எழுத்தை எடுத்துடலாமான்னு. எடுத்துடுன்னு நான்தான் சொன்னேன். நீ ஊர்ல இருந்த. உன்னைக் கேக்கணும்னு தோணவே இல்ல."

நீலா முழுவதையும் பார்த்தாள். "தோணலை, இல்ல?" என்றாள். "சரி. நகருங்க, படம் மறைக்குது."

திங்கட்கிழமை ஆபீசில், மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன். "அவர் சொன்னதைப் பாத்தேன். அதுக்கு மேல இப்ப ஒண்ணும் இல்ல" என்றாள். அதற்குப் பின் வீட்டில் பேச்சு திரும்பியது. காய்கறி, கரண்ட் பில், வேலைக்காரி வராதது, இவ்வளவுதான். கொழுந்தன் வந்தால் காப்பி உண்டு. அவனைக் கம்ப்யூட்டர் அறைக்குள் மட்டும் விடுவதில்லை. இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலும் இருப்பது ஒன்றேதான். ஒன்றை அவள் வைத்திருக்கிறாள். இன்னொன்று என் வீட்டு பீரோவில் இருக்கிறது.