சேவ் பண்ணியாச்சா அண்ணே?

ஓடிக்கிட்டு இருக்குற பெட்டிக்கு மூளைய மாத்தி வச்சுட்டு, இங்க ஒண்ணுமே நடக்கலன்னு எல்லாரையும் நம்ப வச்சுட்டு வாறதுதான் எங்க தொழிலு.

பெட்டின்னா நெட்வொர்க் சுவிட்சு. ஒரு ஆபீசுல உள்ள கம்ப்யூட்டரு, பிரிண்டரு, கேமரா எல்லாத்துல இருந்தும் வாற ஒயரு போய்ச் சேருத எடம். அதுக்குள்ள ஓடுத புரோகிராமுதான் ஃபர்ம்வேர். பழசுல ஓட்டை இருக்கு, வெளிய இருந்து எவனும் நுழையலாம்னு பெட்டி செஞ்ச கம்பெனிக்காரனே சொல்லிட்டான். அதனால எங்க கஸ்டமர் எல்லாருக்கும் புதுசு ஏத்தணும். எங்க கடைன்னா, நாகர்கோவில்ல செல்வின் அண்ணன் நடத்துத சின்னக் கடை. நான் இஞ்சினியரிங் கடைசி வருசம். லீவு நாள்ல அங்க வேலைக்குப் போறேன்.

செல்வின் அண்ணன் ரவுண்டு தொடங்கும்போதே சொல்லிட்டாரு. கம்ப்ளெயின்ட் வராம முடிச்சா, காலேஜ் முடிஞ்ச மறுநாளே வேலை. வந்தா, மெட்ராசுக்கு வண்டி ஏறணும். எனக்கு முந்தின வருசம் படிச்சு முடிச்சவளுவ அங்க என்ன பண்ணுதாளுவன்னு எனக்குத் தெரியும். காதுல ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு, முகம் தெரியாதவன்கிட்ட நாள் பூரா மன்னிப்பு கேக்காளுவ. நானெல்லாம் அந்த வேலையில மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாங்க மாட்டேன். எனக்கு இந்த வேலை வேணும். அண்ணனுக்கும் அது தெரியும். அதனாலதான் அப்பிடிச் சொன்னாரு: "உனக்குக் கை சரியா இருக்குட்டி. வாய் இருக்கு பாத்தியா, அதுதான் கம்ப்ளெயின்ட் கொண்டு வரும்."

மயிலாடியில ஒரு வெட்டு மெஷினு

சிலை செஞ்சு வெளிநாட்டுக்கு அனுப்புத பட்டறை. வாசல்லயே பாதி மூக்கோட ஒரு பிள்ளையாரு நிக்காரு. ஆபீசுல ஏசி உண்டு, ஆனா பெட்டி இருக்கதோ கல்லு வெட்டுத கொட்டகைப் பக்கம். மூடியத் தெறந்தா கல்லுத்தூளு, முகத்துக்கு பவுடர் போட்ட மாதிரி. முதலாளி என்னையப் பாத்துட்டு எனக்குப் பின்னால பாத்தாரு. "ஆளு வரலியா?"ன்னு கேட்டாரு. நான்தான் ஆளுன்னேன். பொறுமையாத்தான் சொன்னேன், சத்தியமா.

பெட்டிக்குக் கரண்டு குடுக்குத யூபிஎஸ்ல பேட்டரி செத்துக் கெடந்துது. அதனால ஒரே ஒரு விசயம் கேட்டேன். பெட்டியில ஆரஞ்சு லைட்டு மின்னி முடியுத வரைக்கும் வெட்டு மெஷினைப் போடக் கூடாது, போட்டா வோல்டேஜ் எறங்கும், புது ஃபர்ம்வேரை எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்டு சுண்டினா பெட்டி மண்டையப் போட்டிரும். சரி சரின்னாரு. நான் லேப்டாப்புல பட்டனைத் தட்டினதும், அவரே கொட்டகைக்குப் போயி, பார்ட்டி காத்துக்கிட்டு இருக்கு, ஒரு வெட்டுதானேன்னு மெஷினைப் போட வச்சுட்டாரு. லைட்டு ஒருக்க மின்னி அணைஞ்சுது. பெட்டிகிட்ட நேரா பேசுத கன்சோல் கேபிளைக் குத்தி, மறுபடியும் அடியில இருந்து ஏத்தி, மத்தியானச் சோத்தையும் விட்டுட்டு அதுக்கு உசிரு கொண்டு வந்தேன். அந்த நேரத்துல முதலாளி எங்க அண்ணனுக்குப் போன் போட்டு முடிச்சிருந்தாரு. மெஷினைப் போட்டது நீங்கதானன்னு கேட்டேன். அவரு பிள்ளையாரு தும்பிக்கையத் தடவிக்கிட்டே சொன்னாரு: "நீ தொடுததுக்கு முன்னால அது ஓடிக்கிட்டுதான இருந்துது?"

இந்தக் கேள்விய வாழ்க்கையில ஒருக்கலாவது வாங்காதவங்க இதுக்கு மேல படிக்காண்டாம், உங்களுக்குப் புரியாது. அண்ணன் போன்ல ஒண்ணும் திட்டல. ஒரே வரிதான்: "ஒண்ணு ஆச்சு, இத விட்டுருதேன். அடுத்தது வந்தா நீ டிக்கெட் எடுத்துக்கோ."

தேங்காய்ப்பட்டணத்துல ஒரு கேமரா

மீன் ஏத்தி அனுப்புத ஆபீசு. இந்தத் தடவை நான் உசாரு. கணக்கு எழுதுதவங்க, ஐஸ் அடிக்கவங்க, டீ கொண்டு வாறவங்க வரைக்கும் சொல்லிட்டேன், கொஞ்ச நேரம் நெட்டு இருக்காது, யாரும் பதறாதீங்கன்னு. ஆபீச நடத்துத பெரியவரு மிக்கேல் மாமாகிட்ட ரெண்டு தடவை சொன்னேன். அவரு தலைய ஆட்டினாரு.

பெட்டி ரீபூட் ஆவ அணைஞ்சுது. உடனே மாமா போன் அடிச்சுது. துபாய்ல இருந்து அவரு மவன். முற்றத்துல மீன் எறங்குதத அங்க இருந்துக்கிட்டு தெனமும் கேமராவுல பாக்காராம். படம் போச்சு, யாரு கைய வச்சான்னு அந்தப் பக்கத்துல இருந்து சத்தம், எனக்கே கேக்குது. ஊர்ல எல்லாருக்கும் சொன்னவ துபாய்க்குச் சொல்லல. போனை என் கையில தாங்க, நான் பேசுதேன்னு கை நீட்டினேன். போனு என் கைக்கு வந்திருந்தா ரெண்டாவது கம்ப்ளெயின்ட்டு நிச்சயம். மாமா அதைத் தரல. கட் பண்ணி சட்டைப் பையில போட்டாரு. பெட்டி வந்துருமா இப்பன்னு கேட்டாரு. இன்னும் அஞ்சு நிமிசத்துல வந்துரும்னேன். அவரு கடலு இருக்குத பக்கம் பாத்துக்கிட்டே சொன்னாரு: "தெரக்கு இல்ல மோளே, அவசரம் ஒண்ணும் இல்ல, கொஞ்சம் கெடக்கட்டு. இங்க உள்ளதக் காணலன்னாத்தான் அவன் ஊருக்கு வருவான்."

கீரிப்பாறைக்கு மேல ஒரு ஒயரு

இது நான் செஞ்சது இல்ல. எங்க கடையில ஜெபின்னு ஒருத்தன், எனக்கு சீனியராம். மலை மேல ஒரு தனியார் ரப்பர் பால் கம்பெனி. அவங்க பெட்டியில கான்ஃபிகரேஷன், அதாவது எந்த ஒயரு எதோட பேசணும்ங்குத கணக்கு, அத மாத்த, இவன் நாகர்கோவில்ல இருந்தே உள்ள போனான். போன வழியையே அடைச்சுட்டான். எந்த போர்ட்டு வழியா உள்ள வந்தானோ, அதையே கணக்குல வேற எங்கயோ திருப்பிவிட்டு, அப்புறம் ஏன் ஒண்ணும் வரலன்னு திரையத் தட்டிக்கிட்டு இருக்கான். இந்தத் தப்ப வேற எந்தத் தொழில்லயும் பண்ண முடியாது. வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டே தன்னையே வெளிய வச்சுப் பூட்டுதது.

நல்ல வேளை, அவன் சேவ் பண்ணல. சேவ் பண்ணாத மாத்தம் எல்லாம் கரண்டு போறது வரைக்கும்தான் பெட்டிக்கு ஞாபகம் இருக்கும். கரண்டு ஒயரைப் பிடுங்கிக் குத்தினாப் போதும், கடைசியா சேவ் பண்ணினது எதுவோ அதுக்குத் திரும்பிப் போயிரும். அங்க காவலுக்கு நிக்குத அண்ணாச்சிக்குப் போன் போட்டு, அந்த ஒயரை ஒருக்க பிடுங்கிக் குத்துங்கன்னேன். மாட்டேன்னுட்டாரு. நான் பஸ் புடிச்சு, எஸ்டேட்டு ரோட்டு வளைவெல்லாம் ஏறி, போய் எறங்கி, பிடுங்கினேன், குத்தினேன். பச்ச லைட்டு வந்துது. இதை நீங்களே செஞ்சிருக்கலாமே அண்ணாச்சின்னு கேட்டேன், கொஞ்சம் சத்தமாத்தான். அவரு பெட்டி மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினாரு. செல்வின் அண்ணன் ஒட்டினது: தொடக் கூடாது, தொட்டால் நாங்கள் பொறுப்பல்ல. பெறவு கேட்டாரு: "உங்க ஆளு சொன்னதக் கேட்டதுக்கு, என்கிட்ட எதுக்கு மக்கா சண்டை புடிக்க?"

ஆஸ்பத்திரி

கடைசி எடம், மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இதுதான் பெருசு. ஞாயித்துக்கிழமை காலையில ஓபி கெடையாது, பாதிப் பேரு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போயிருப்பாங்க, அந்த நேரம் பாத்துப் போனோம், நானும் ஜெபினும். தொடங்குததுக்கு முன்னால, பெட்டி இப்ப எப்பிடி ஓடுதோ அத அப்பிடியே என் லேப்டாப்புல நகல் எடுத்தேன். ஜெபின் சிரிச்சான். இதெல்லாம் காலேஜ் புள்ளைங்க வேலையாம். உன்னால மலை ஏறினவ நான், பேசாம நில்லுலேன்னேன்.

ஏத்தினேன். பெட்டி அணைஞ்சு வந்துது. பில்லிங் வந்துது. மருந்துக் கடை வரல. லேப் வரல. மாடியில ஐசியு. கீழ ரத்தம் பாத்த ரிப்போர்ட்டு கம்ப்யூட்டர்ல மேல போவ மாட்டேங்குது. லேப்புல உள்ள அக்கா பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு படியில ஓடுதா, எறங்குதா, மறுபடியும் ஓடுதா. மேனேஜர் வந்துட்டாரு. செல்வின் அண்ணனும் கோயில்ல இருந்து வெள்ளைச் சட்டையோட நேரா வந்துட்டாரு. வந்த உடனே, மேனேஜர் முன்னால, எல்லாரும் கேக்க, "என்னட்டி பண்ணி வச்ச?"ன்னாரு.

அந்த எடத்துல வாய மூடியிருந்தா அது என் கம்ப்ளெயின்ட்டு. நான் லேப்டாப்பத் திருப்பிக் காட்டினேன். ஒரு பக்கம் பெட்டியில சேவ் ஆயிருக்கது. இன்னொரு பக்கம் அது ஓடினது. சேவ் ஆனதுல லேப்பே கெடையாது, மருந்துக் கடையே கெடையாது. அதெல்லாம் பெறவு வந்தது. ஒவ்வொண்ணையும் வந்து சேத்தது அண்ணன்தான். ஒருக்கக் கூட சேவ் பண்ணல. ஆஸ்பத்திரி யூபிஎஸ் பெட்டிய அணைய விடாததுனால ஒருத்தருக்கும் தெரியல. நான் இத்தன நீளமாச் சொல்லல. "நீங்க சேவ் பண்ணலண்ணே, அதை நான் அணைச்சேன். அவ்வளவுதான்." சொல்லிக்கிட்டே நகலை ஏத்தினேன். லேப் வந்துது. படியில ஓடின அக்கா பாதிப் படியிலயே உக்காந்துட்டா. கடைசியா சேவ், எல்லாரும் பாக்கும்படியா அடிச்சேன். மேனேஜர் என்னையப் பாக்கல, அண்ணனைப் பாத்துக் கேட்டாரு: "அப்பம் இத்தன வருசமா ஒரு ஒயரு கழண்டா போதும், எங்க ஆஸ்பத்திரி காலி. அப்பிடித்தான செல்வின்?"

திரும்பி வாற வழியில

கார்ல நான் பின்னால இருக்கேன். ஜெபின் ஜன்னல் வழியா தென்னைய எண்ணிக்கிட்டு இருக்கான். எனக்கு உள்ளுக்குள்ள மெட்ராசு பஸ்ஸு ஹாரன் அடிக்குது. மன்னிப்பு கேட்டுருவோமான்னு ஒருக்க நெனைச்சேன். எதுக்குன்னு தெரியல, அதனால கேக்கல. தக்கலை வந்ததும் அண்ணன் போன் அடிச்சுது. வண்டிய ஓரமா நிப்பாட்டி, ஆமா சார், சரி சார், புரியுது சார்னு ரொம்ப நேரம் கேட்டாரு. என்னமோ மன்னிப்பு கேக்குற வேலையில சேந்தவரு மாதிரி இருந்தாரு.

போனை வச்சுட்டு என்னையக் கண்ணாடியில பாத்தாரு. ரெண்டாவது கம்ப்ளெயின்ட் வந்துட்டுன்னாரு. நான் பையத் தோள்ல மாட்டினேன், எறங்கிருவோம்னு. அது உன் பேருல இல்ல, எம் பேருலன்னாரு. இனி அந்த ஆஸ்பத்திரிப் பெட்டிய நீ மட்டுந்தான் தொடணுமாம். வண்டி மறுபடியும் கெளம்பி கொஞ்ச தூரம் போன பெறவு, முன்னால ரோட்டப் பாத்துக்கிட்டே சொன்னாரு: "காலேஜ் முடிஞ்சதும் இங்கயே வந்துருட்டி. உன்னைய வெளிய விட்டா, வேற கடையில போய் இருந்துக்கிட்டு இதச் சொல்லிச் சொல்லியே என்னைய கொன்னுருவ."

ஆக, என்னைய மாதிரி கேபிளும் கையுமா அலையுத மக்களே, வாய மூடாததுக்கு வேலை கெடைச்ச ஒரே ஆளு நானாத்தான் இருப்பேன், இப்பம் அண்ணன் எந்தப் பெட்டியத் தொட்டுட்டு எழும்பினாலும், நான் வாயத் தெறக்கதுக்கு முன்னாலயே "பண்ணிட்டேன், பண்ணிட்டேன்"னு சொல்லிக்கிட்டேதான் எழும்புதாரு.