பதினொரு பேர் இருந்த வீடு

2014 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, காலை 9.20. கச்சான் காற்று மணலை வாரி அடித்தது. கற்பிட்டிப் பக்கம் ஒரு அகதிக் குடியிருப்பில், அந்த ஊர்க்காரனும் ஓய்வுபெற்ற குடியியல் ஆசிரியனுமான நான், 34 பெண்களுக்கு வாக்குரிமை பற்றி வகுப்பெடுத்தேன். 1990இல் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் ஒருத்தி எழுந்தாள்.

“சேர், வாக்காளர் இடாப்பில எங்கட பேரை வெட்டச் சொல்லி தேர்தல் கந்தோருக்கு எழுதினது நீங்கதானே?”

“ஒரு வீட்டில பதினொரு பேரெண்டா கள்ளப் பதிவெண்டு நினைச்சேன்.”

“உள்ளுக்கு வந்து எண்ணினீங்களா? நாங்க மூணு குடும்பம். இடாப்பில பேரில்லையெண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்தில என்ட மகளைச் சேர்க்கல்ல. இப்ப வாக்குப் போடப் படிப்பிக்க வந்திட்டீங்க.”

பின்வரிசை சிரித்தது. 31 வருடம் குடியியல் படிப்பித்த நான், அந்தக் கதவைத் தட்டிக் கேட்காமலே எழுதியிருந்தேன்.

பிறகு இடாப்பைத் திருத்தினார்கள்; ஆனால் அதற்குள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை. பிள்ளை தூரப் பள்ளிக்கூடத்துக்குப் போக, ஐந்தாம் வகுப்பு முடியும்வரை 52 மாத வான் வண்டிக் கூலியை நானே கட்டினேன். தாய் ஒருநாளும் எனக்கு ஸலாம் சொல்லவில்லை. மொத்தம் 78,000 ரூபாய்.