சோமனூர் வழியில் நிற்கும் பிக்கப்

இந்த ஊரில் நடுவீதியில் வாகனம் நின்றுவிட்டால், பின்னால் வருகிறவர் முதலில் ஹோர்ன் அடிப்பார். பிறகு பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கி, "ஏனுங்க, கொஞ்சம் ஓரமா நிறுத்திக்கலாமுங்களே?" என்பார். அவர் திட்டுகிறார் என்பது எனக்கு விளங்க இரண்டு வருடம் எடுத்தது. யாழ்ப்பாணத்தில் இதே நிலைமையில் முதலில் என் கண், அடுத்து என் மூளை, கடைசியாக என் பரம்பரை விசாரிக்கப்பட்டிருக்கும். காந்திபுரத்திலிருந்து சோமனூர் போகிற வழியில் எங்கள் பிக்கப் இந்த வருடம் பதினாறு தடவை நின்றது. பதின்மூன்று பேர் "ஏனுங்க" என்று தொடங்கினார்கள். இரண்டு பேர் ஒன்றும் சொல்லாமல் இறங்கித் தள்ளிவிட்டார்கள். ஒரேயொருவர் வாய் நிறையத் திட்டினார். விசாரித்துப் பார்த்தேன், அவரும் வெளியூர்.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நான் முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்துவிட்டு, மனைவி போனபின் கோயம்புத்தூருக்கு மகளிடம் வந்தவன். பதினொரு வருடம் ஆகிறது. மகள் வாணி இங்கே படிக்க வந்து, காரமடைக்காரரைக் கட்டி, இங்கேயே நின்றுவிட்டாள். மருமகனுக்கு மஸ்கட்டில் வேலை. அவருடைய தகப்பனார் கறிவேப்பிலைக் கட்டு ஏற்றித் திரிந்த பத்தொன்பது வயதுப் பிக்கப் எங்களிடம் இருக்கிறது. மழை பெய்தால் இப்போதும் பின்பெட்டியில் கறிவேப்பிலை மணக்கும். அதில்தான் வாணி சோமனூரில் ஒரு மில்லுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகிறாள். நூற்றிநாற்பது பேர், பெரும்பாலும் ஒடிசாவிலிருந்து வந்த பெடியன்கள். பன்னிரண்டேகாலுக்கு அண்டாக்கள் இறங்கிவிட வேண்டும். அவள் ஓட்டுவாள். நான் பக்கத்தில் இருந்து எண்ணுவேன்.

பதினாறில் மூன்று தடவை நேரம் பிந்திவிட்டது. (மற்றப் பதின்மூன்று தடவையும் அவள் ஓட்டிய வேகத்தை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.) இரண்டாவது தடவை மில் சூப்பர்வைசர் கதிர்வேல் வாசலில் கைகட்டி நின்று, "அம்மிணி, இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா நாங்க வேற ஆளைப் பாத்துக்கறமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். இவ்வளவு மரியாதையாக ஒரு குடும்பத்தின் சோற்றில் கைவைக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் பதிலுக்கு நன்றி சொல்லிவிட்டேன். வாணி வண்டிக்குள் ஏறியதும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அந்த மில் போனால் சமையலுக்கு நிற்கும் நாலு பெண்களையும் அவள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

மெக்கானிக் மூர்த்தியின் பட்டறை காந்திபுரத்துக்குப் பின்னால், எங்கள் வீட்டிலிருந்து அறுநூற்றிப்பத்து அடி. மூர்த்தி கெட்டிக்காரன்தான். ஆனால் தெரியாது என்ற சொல் அவன் வாயில் வராது. "பாத்துப் போடலாமுங்க" என்பான். பார்த்தும் போட்டான். டீசல் பில்டர் இரண்டு தடவை, பம்ப் ஒரு தடவை, வயர்கள், ஒரு ரப்பர்க் குழாய், பற்றரி. பட்டறையில் பிக்கப் காலை முதல் மாலை வரை உறுமிக்கொண்டு நிற்கும், ஒரு விக்கல் இராது. வீதியில் நின்றுபோய் அவனை அழைத்தால் மோட்டார் சைக்கிளில் வருவான். முதல் வேலையாக டாங்கி மூடியைத் திறந்து, "டீசல் இருக்குதுங்களா?" என்று எட்டிப் பார்ப்பான். மூடுவான். "இப்ப அடிங்க அம்மிணி" என்பான். உடனே ஸ்டார்ட் ஆகும். "வண்டிக்கு என்னையக் கண்டா பயமுங்க" என்று சிரிப்பான். அவன் வராவிட்டாலும் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் அதுவாகவே உயிர் பெறும். கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை மாதிரி, ஏன் போனது, ஏன் வந்தது என்று கேட்க முடியாது.

எங்களூரில் வாகனம் நின்றால் காரணம் எல்லோருக்கும் தெரியும். சண்டையால் பெற்றோல் வராத காலத்தில் என்னுடைய பழைய காரை மண்ணெண்ணெயில் ஓட்டினேன். கிளப்புவதற்கு மட்டும் நாலு துளி பெற்றோலைச் சின்னப் போத்தலில் வைத்திருந்து பிழிந்து விடுவது. நான் நாலு போதாது என்று ஐந்து விட்டேன், அதனால்தான் கார் கிளம்பவில்லை என்பதைக் கராஜ்காரர் சின்னராசா கண்டுபிடித்துவிட்டார். "மாஸ்டர், காருக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம் உங்களுக்குத்தான்" என்று சந்தியில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். (எங்களூரில் வருத்தம் என்றால் நோய்.) ஒரு கிழமை, ஏழு நாளும் எண்ணி, அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் கார் சரியாகிவிட்டது.

மூர்த்தியில் நம்பிக்கை குறைந்ததால் நானே ஆராய்ச்சியில் இறங்கினேன். எண்பது பக்கக் கொப்பியில் கோடு போட்டு, நின்ற கிழமை, நேரம், தூரம், வெயில், டீசல் அளவு, அண்டாக்களின் எண்ணிக்கை, அன்று சாம்பாரா ரசமா என்பதுவரை எழுதினேன். விடை பளிச்சென்று தெரிந்தது. சனிக்கிழமை எட்டுத் தடவை. திங்கள் ஆறு. செவ்வாய் இரண்டு. புதன், வியாழன், வெள்ளியில் ஒரு தடவைகூட இல்லை. ஞாயிறு மில்லுக்கு லீவு. சனிக்கிழமை டீசல் அடிக்கும் பங்க்கில் கலப்படம் என்று முடிவுகட்டி, பங்க்கை மாற்றினேன். மாறவில்லை. சனி பகவானைப் பற்றி யோசித்தேன். கணித ஆசிரியன் என்ற முறையில் அதைக் கொப்பியில் எழுதவில்லை.

"அப்பா, எண்ணுறதை விட்டிட்டு இறங்கித் தள்ளுங்கோ" என்றாள் வாணி.

வெள்ளிக்கிழமை மாலையில் நான் செய்த வேலை அந்த அட்டவணையில் இல்லை. இந்த ஊரில் வெள்ளிக்கிழமை என்றால் வண்டியைக் கழுவி, சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, மேலே குங்குமம் இட்டு, சாம்பிராணி காட்டுவார்கள். ஊரில் நாங்களும் ஆயுதபூசைக்கு வைப்போம்தான், அது வருடத்துக்கு ஒன்று. இங்கே வாராவாரம். பதினொரு வருடமாகியும் பேச்சைக் கேட்டதும் "கேரளாவுங்களா?" என்று கேட்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை விசாவை நீட்டிக்கப் போய் வரிசையில் நிற்கிறேன். சந்தனக் கிண்ணத்தோடு நிற்கும்போது மட்டும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டு டெம்போவுக்குப் பதினொரு பொட்டு. இந்த வருடம் நானும் தொடங்கினேன், எங்கள் பிக்கப்புக்கு இருபத்தேழு. சக்கரத்துக்கு, கண்ணாடிக்கு, கதவுக்கு, பம்பருக்கு, டாங்கி மூடிக்கு. நல்ல கட்டியாகவே வைப்பேன். மெல்லியதாக வைத்தால் மறுநாளே உதிர்ந்துவிடுகிறது, கட்டியாக வைத்தால் செவ்வாய் வரை நிற்கும்.

பங்க்கை மாற்றிய மூன்றாவது சனிக்கிழமை நான் மூர்த்தியை விடவில்லை. "நின்ற பிறகு வராதையும். நிற்கும்போது உள்ளே இரும்" என்று பிடித்து ஏற்றினேன். வாணி ஸ்டியரிங்கில், மூர்த்தி நடுவில், நான் ஜன்னலோரம். பத்து நாற்பத்தைந்துக்குப் புறப்பட்டோம். பதினொன்று இருபத்தைந்துக்குக் கருமத்தம்பட்டி தாண்டியதும் எஞ்சின் இரண்டு தரம் இருமியது, நின்றது. எனக்கு, சொல்ல வெட்கம், ஒரு சந்தோஷம் வந்தது.

"பாத்தீரோ?" என்றேன்.

"பாத்தனுங்க" என்றான் மூர்த்தி. முதல் தடவையாக அவன் முகத்தில் வேர்வை.

இந்தத் தடவை அவன் டாங்கியை எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே இருந்தபடியே டீசல் முள்ளைப் பார்த்திருப்பான். வயரிலிருந்து தொடங்கி, பில்டரைக் கழற்றி, குழாயை ஊதி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தான். பன்னிரண்டு மணி ஆனது. வாணி மூடிய அண்டாக்களைப் பார்த்தபடி வெயிலில் நின்றாள். கடைசியில் மூர்த்தி டாங்கியில் காதை வைத்து, மூடியை மெதுவாகத் திருகினான். உஸ்ஸென்று ஒரு நீண்ட பெருமூச்சு. காற்று உள்ளே போகிற சத்தம். மூடியின் நடுவில் கடுகளவு ஓட்டை ஒன்று இருக்கிறதாம். டீசல் குறையக் குறைய அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும். அது அடைத்திருந்தால் டாங்கி மூச்சுமுட்டி, பம்ப் இழுத்தாலும் டீசலை விடாது.

வாணியிடம் ஊக்கு வாங்கிக் குத்தினான். ஒரு மஞ்சள் கட்டி உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான். என்னைப் பார்த்தான். பிறகு அதைக் கீழே தட்டிவிட்டு, "தூசுங்க. ரோட்டுத் தூசி" என்றான்.

"எந்த ரோட்டுல மூர்த்தியண்ணா மஞ்சத் தூசி?" என்றாள் வாணி.

"செம்மண்ணுங்க அம்மிணி. காஞ்சா அப்படித்தான் ஆயிருமுங்க. ஏறுங்க, நேரமாச்சு."

சின்னராசா என்றால் சந்தி முழுக்கச் சொல்லியிருப்பார். நானும் ஒரு கிழமை வெளியே வராமல் கணக்கை முடித்திருப்பேன். இவன் என் பிழையை மடித்து என் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டான். அதை வைத்துக்கொண்டு மில் வரை பதினாறு நிமிடம் இருந்தது பெரிய கஷ்டம்.

பன்னிரண்டு இருபத்தொன்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆறு நிமிடம் பிந்தி. கதிர்வேல் வாசலில் நின்றார். கைகட்டியிருந்தார். வாணி வாய் திறக்கும் முன் நான் கொப்பியோடு இறங்கிவிட்டேன். "தம்பி, பிழை என்ர மகளில இல்லை. வண்டியிலயும் இல்லை. நான்தான். நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சந்தனத்தை அப்பி அந்த ஓட்டையை அடைச்சுப்போட்டன். இஞ்சை பாரும், சனி எட்டு, திங்கள் ஆறு..." என்று அட்டவணையை விரித்தேன். ஒடிசாப் பெடியன்கள் தட்டோடு வரிசையில் நின்று பார்த்தார்கள். நானும் அவர்களும் ஒருவருக்கொருவர் விளங்காமல் நின்றதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் கதிர்வேலுக்கும் விளங்கவில்லை. அல்லது, வயதான ஒருவர் பொதுவில் தன்னைத்தானே குற்றம் சொல்வதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கையை அவிழ்த்து வாணியிடம் திரும்பினார்.

"ஐயா என்னங்க சொல்றாரு?"

வாணி என்னைப் பார்த்தாள். கொப்பியைப் பார்த்தாள். பிறகு தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தாள். "வண்டி ரிப்பேருங்கண்ணா. கண்டுபிடிச்சாச்சு. இனிமே நிக்காதுங்க."

"வண்டிக்கு நான் பொறுப்புங்க" என்றான் மூர்த்தி பின்னால் இருந்து.

"அவ்வளவுதானுங்களா? நான் ஐயாவுக்கு உடம்புக்கு என்னவோன்னு பயந்து போட்டனுங்க" என்றார் கதிர்வேல். "அண்டாவை எறக்குங்க. பசங்க பசியில நிக்கறாங்க. திங்கக்கெழமை மட்டும் நேரத்துக்கு வந்துருங்க அம்மிணி." எனக்கு ஒரு நாற்காலியும் ஒரு சொம்பு மோரும் வந்தன. எட்டு மாத ஆராய்ச்சி, பதினாறு நிற்றல், இருபத்தேழு பொட்டு, எல்லாம் வண்டி ரிப்பேர் என்ற இரண்டு சொல்லில் முடிந்துபோனது. மில் தப்பியது. வாணி அண்டாக்களைக் கழுவி ஏற்றி முடித்தாள். பிறகு என் கொப்பியை வாங்கி வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே செருகிவிட்டு, "மோர் குடிச்சீங்களோ?" என்று மட்டும் கேட்டாள்.

திரும்பும்போது டாங்கிச் சத்தம் கேட்க வேண்டும் என்று மூர்த்தி ஜன்னலோரம் கேட்டான். நான் நடுவில் ஏறினேன். நடு இருக்கை உண்மையில் இருக்கை இல்லை. கியர்க்கம்பு இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிற்கும். முதலாம் கியருக்கு அது மூர்த்தி பக்கம் சாய்ந்து என் முழங்காலை இடிக்கும். ஐந்தாம் கியருக்கு வாணி பக்கம். அவினாசி ரோட்டில் சனிக்கிழமை நெரிசல். "அப்பா, காலை அங்கால எடுங்கோ" என்றாள் வாணி. எடுத்தேன். "ஐயா, இந்தப் பக்கம் இடிக்குதுங்க, கொஞ்சம் அந்தப் பக்கம்" என்றான் மூர்த்தி. எடுத்தேன். காந்திபுரம் வரும் வரை எஞ்சின் ஒரு தடவையும் நிற்கவில்லை. முழங்கால்களை அங்கும் இங்கும் மாற்றியதை நாற்பத்தொன்று வரை எண்ணினேன். பிறகு எண்ணிக்கை விட்டுப்போனது.