நீதிபதி வந்திருந்த அறுப்பின் பண்டிகை

எங்கள் சபையில் பிறந்து வளர்ந்த ஒருவர் ஐகோர்ட் நீதிபதியாக இருக்கிறார். சித்தூரில் மிஷன் காம்பவுண்டுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்று அவருடையது. அப்பா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். நான் ஞாயிறு பள்ளியில் சின்ன வகுப்பில் இருந்தபோது அவர் திருப்பதியில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை பஸ்ஸில் வந்துவிட்டு மறுநாள் ஆராதனையில் வேதபாடம் வாசிப்பார். ஒரு எழுத்தைக்கூட விழுங்காத குரல்.

சில வருடங்கள் சித்தூர் கோர்ட்டிலேயே வக்கீலாக இருந்தார். பிறகு பரீட்சை எழுதி முன்சீஃப் நீதிபதி ஆனார். அன்றோடு எங்கள் வீடுகளில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கல்யாணத்துக்கு வருவார், ஆசீர்வாத ஜெபம் முடிந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விடுவார். பந்தியில் அவரை யாரும் பார்த்ததில்லை.

"பெரிய மனுசனாயிட்டாரு. நம்ம வூட்டு சோறு எறங்காது" என்று பெண்கள் பேசிக்கொண்டது அவருடைய அம்மாவின் காதுக்குப் போயிற்று. அந்த அம்மா சும்மா விடவில்லை. "நல்லா எறங்கும்டி. நாளைக்கி உம் புருசன் கேசு அவங்கிட்ட வந்தா அப்ப தொண்டையில நிக்கும்" என்றார்.

எங்கெங்கோ மாற்றல் போட்டார்கள். அனந்தபூர், ஸ்ரீகாகுளம், இடையில் கொஞ்ச நாள் கர்னூல். மாவட்ட நீதிபதியானார், பிறகு ஐகோர்ட். விடுமுறைக்குச் சித்தூர் வந்தால் கடைசி பெஞ்சில் உட்காருவார். அறுப்பின் பண்டிகையில் சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் விளைச்சலை ஏலம் விடும்போது ஒரு பூசணிக்காய்கூட எடுக்க மாட்டார். யார் கொண்டுவந்த காய், யாருக்கு எங்கே வழக்கு இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? காணிக்கையை உறையில் போட்டுவிட்டு எழுந்து போவார். சபை மண்டபத்தில் அவர் படத்தை மாட்ட வேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டபோது, வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். அவரைப் பற்றி எங்களுக்குப் பெருமையும் இருந்தது, லேசான வருத்தமும் இருந்தது.

என் மகன் திருப்பதியில் பாலிடெக்னிக் படித்தான். ஹாஸ்டலில் ஒரு சாயங்காலம் மாணவர்களுக்குள் சண்டை. ஒரு பையன் மாடிப்படியிலிருந்து தள்ளப்பட்டு விழுந்து இறந்துபோனான். அவனுடைய அம்மாவை நான் கோர்ட் வராந்தாவில் பார்த்திருக்கிறேன். அவளைப் பற்றி இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களில் என் மகனும் ஒருவன். தான் கீழே தண்ணீர்க் குழாயடியில் இருந்ததாக அவன் முதல் நாளிலிருந்து சொல்கிறான். சம்பவத்தைப் பார்த்த காவலாளி போலீஸில் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் அவன் பெயர் இல்லை. பிறகு கொடுத்ததில் இருக்கிறது. கீழ்க் கோர்ட் பின்னால் கொடுத்ததை நம்பியது. ஏழு வருடத் தண்டனை. கடப்பா மத்திய சிறைக்குக் கொண்டுபோனார்கள். மேல்முறையீடு முடியும்வரை ஜாமீன் கேட்டோம், கிடைக்கவில்லை. மேல்முறையீடு ஐகோர்ட்டில் எண் வாங்கிக்கொண்டு அப்படியே கிடந்தது.

ஒரு கோடையில் திருப்பதி வக்கீல் கூப்பிட்டு அனுப்பினார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களோடு தமிழில்தான் பேசுவார்; 'நம்ம' என்பது மட்டும் 'மன' என்று வந்துவிடும்.

"அம்மா, மன கேசுக்கு நல்ல காலம் வந்துடுச்சு. லீவு முடிஞ்சதும் இந்த அப்பீல்லாம் யாரு கேக்கப் போறாரு தெரியுமா?" என்று சொல்லி அந்த நீதிபதியின் பதவியையும் ஊரையும் சொன்னார். "மத்தவங்க தீர்ப்பை மட்டும் பார்ப்பாங்க. இவரு முதல் வாக்குமூலத்துல இருந்து ஒவ்வொரு பக்கமும் படிப்பாரு. எனக்கு அது போதும். அந்தக் காகிதத்தைப் படிக்கிற ஒரு ஆளு போதும்."

அவர் எங்கள் சபைக்காரர் என்றேன். வக்கீலின் முகம் மாறியது.

"சொந்தமா?"

"இல்லை."

"வீட்டுக்கு வருவாரா? நீங்க போவீங்களா?"

"யார் வீட்டுக்கும் அவர் வரமாட்டார்."

"அப்போ சரி. ஒரே ஊரு, அவ்ளோதான். ஆனா யாரும் இந்தப் பேச்சை அவர்கிட்ட எடுக்கக் கூடாது. ஒரு வார்த்தை காதுல விழுந்தாலும் கேசை வேணாம்னு வேற ஜட்ஜுக்கு விட்டுடுவாரு. அப்படி விட்டிருக்காரு."

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் அப்படியே சொன்னேன். "எனக்குத் தெரியாதா இன்னா" என்றார்.

அவர் பங்காருபாளையம் பக்கம் மாந்தோப்பு குத்தகை எடுத்துச் செய்கிறார். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை மாம்பழக் காலத்தில்தான் வரும். அன்று ஒவ்வொரு வீட்டுத் தலைவரும் தன் விளைச்சலைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டு, சபையைப் பார்த்து நின்று, ஒரு நன்றியும் ஒரு விண்ணப்பமும் சொல்ல வேண்டும். வாய் திறக்காமல் இறங்கி வருபவரை ஆயரே விடமாட்டார். அந்த வருடம் நீதிபதியும் வந்திருந்தார், வழக்கம்போலக் கடைசி பெஞ்சில்.

என் கணவர் பேனிஷா மாம்பழக் கூடையை வைத்துவிட்டுத் திரும்பினார். "இந்த வருசம் காய் கொறவுதான். ஆனாலும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். அதோடு இறங்குவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். ஆயர், "விண்ணப்பம் சொல்லுங்க பிரதர்" என்றார்.

"எம் புள்ள கடப்பால கீறான். எல்லாருக்கும் தெரியும். அவன் அப்பீலு லீவு முடிஞ்சதும் வர்துன்னு சொல்றாங்கோ. இதோ, நம்ம சபையில வளந்த ஐயா கையிலதான் வர்து. கர்த்தர் அவருக்கு நல்ல ஞானத்தக் குடுக்கணும்னு எல்லாரும் ஜெபம் பண்ணுங்க."

அத்தனை பலமான ஆமென்னை அந்த சர்ச்சில் நான் கேட்டதில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். நீதிபதி தலையைக் குனிந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். எல்லாரும் கண்ணை மூடி ஜெபத்துக்கு நின்றபோது எழுந்து வெளியே போனார்.

சாப்பாட்டுப் பந்தியில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அழாதம்மே. ஐயா காதுல போட்டாச்சு. இனிமே இன்னா?" என்றாள் ஒருத்தி. "அவருக்கே கண்ணு கலங்கிப் போச்சு, நான் பாத்துகினுதான் இருந்தேன்" என்றாள் இன்னொருத்தி. என் கணவர் சிரித்த முகத்தோடு எல்லார் இலையிலும் மாம்பழத் துண்டு வைத்துக்கொண்டு போனார். அவர் அப்படிச் சிரித்து வெகு காலமாயிற்று.

வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டேன், "ஏங்க இப்படிச் செஞ்சீங்க?"

"நான் இன்னா அவர்கிட்டயா பேசினேன்? கர்த்தர்கிட்ட பேசினேன்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது அப்படித்தான் இருந்தது. நான் கணக்கு டீச்சர். லீவு முடிய இன்னும் எத்தனை நாள் என்று நடந்துகொண்டே எண்ணினேன்.

கோர்ட் திறந்து எங்கள் வழக்கு பட்டியலில் வந்த நாள், பள்ளியில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். இப்போது விசாரணையை இப்படிப் பார்க்க முடிகிறது. எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். எங்கள் வக்கீல் எழுந்தார். நீதிபதி ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: இந்த வழக்கைப் பற்றி ஒரு பொது இடத்தில் தன் முன்னிலையில் பேசப்பட்டது. வக்கீல்மீது குறை ஏதும் இல்லை. வேறு நீதிபதி முன் வைக்கப்படட்டும். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். மணி அடித்தது, நான் எட்டாம் வகுப்புக்குப் போனேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

வக்கீல் கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இப்போ எந்த பெஞ்சுக்குப் போகும், எப்போ வரும், ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார். பிறகு தானாகவே, "மன கேசு பேப்பரை அந்த ஜட்ஜ் லீவுக்கு முன்னாடியே வீட்டுக்கு வாங்கிட்டுப் போயிருக்காருன்னு கோர்ட்டுல சொன்னாங்க" என்றார். அதை ஏன் என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

என் கணவர் இப்போது சர்ச்சுக்கு வருவதில்லை. தோப்புக்குப் போகிறார், வருகிறார். வீட்டில் நாங்கள் அரிசி, கரண்ட், பஸ் நேரம் இவற்றைப் பற்றி மட்டும் பேசுகிறோம். அப்பீல் ஒருமுறை பட்டியலில் வந்து நேரமில்லாமல் போயிற்று. அதைக் கேட்க வேண்டிய புது நீதிபதியும் மாறினார். நான் தினமும் காலையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போனில் கோர்ட் பட்டியலைப் பார்க்கிறேன்.

போன முறை கடப்பா போனபோது மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை மறைத்திருந்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டான். தாடையெல்லாம் எலும்பாகிவிட்டது.

"இந்த அப்பீலு வர்றதுக்குள்ள நானே வூட்டுக்கு வந்துடுவேன் போலகீது" என்று சிரித்தான். பிறகு அப்பாவைப் பற்றி, "நைனா துன்றாரா?" என்றான்.

"சாப்பிடறாரு."

பக்கத்தில் யாரோ ஒருத்தி புருஷனிடம் குழந்தையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அந்த ஐயா எங் கேசப் படிச்சிருப்பாரா?"

"தெரியலைடா."

"படிச்சிருந்தா நான் கொழாகிட்டதான் இருந்தேன்னு ஒரு ஆளுக்காவது தெரிஞ்சிருக்குமில்ல?"

அவரிடம் போய்க் கேட்க முடியாது என்று அவனுக்கு விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் வந்து நின்றார்.