சட்டைக் கையில் ஒட்டிய கஷாயம்

லிமாவில் எங்கள் மேட்டுக் குடியிருப்புக்குக் கீழே, பேருந்துகள் புறப்படும் இடத்தில், தோமித்திலாவின் கஷாய வண்டியும் என் ரொட்டி வண்டியும் ஒட்டி ஒட்டித்தான் நிற்கும். பார்லி, ஆளிவிதை, குதிரைவால் செடி எல்லாம் கொதிக்கும் பானையிலிருந்து மொண்டு, இரண்டு குவளைகளுக்கு நடுவே நீளமாக ஆற்றி, எலுமிச்சை பிழிந்து தருவாள். குடித்து முடித்ததும் கொசுறாக இன்னும் கொஞ்சம் ஊற்றுவாள். அவள் பேர் ஊரெல்லாம் தெரிந்தது அதனால் அல்ல. கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருப்பாளே கல்லுடைச்சான் செடி, அதனால்.

"சிறுநீரகத்துல கல்லா? எங்கிட்ட வா. மணலாக்கி அனுப்புறேன்" என்பாள். அந்த வாய் இருக்கிறதே, எனக்குப் பல நாள் எரிச்சலாக இருக்கும்.

அவள் புருஷன் செவெரோ பேருந்து ஓட்டுநர். அவனுக்கே கல். அவனுக்கென்று அதே கஷாயத்தில் கல்லுடைச்சானை அள்ளிப் போட்டுக் கெட்டியாக வடித்து, தினமும் விடிகாலையில் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புவாள். சாயங்காலம் பாட்டில் காலியாகத் திரும்பி வரும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சந்தோஷப்படுவாள். அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோது, "ஸ்கேன் எடுக்கச் சொல்லேண்டி" என்று நான் சொன்னேன்.

"எதுக்கு? குடிச்சிட்டுத்தான இருக்காரு. கரையிற நேரத்துல வலிக்கத்தான் செய்யும்" என்றாள்.

கரையவில்லை. கல் அடைத்து, மேலே சீழ் பிடித்து, குளிர் ஜுரத்தோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது காலம் கடந்துவிட்டது. அடக்கத்தன்று அவன் தங்கை நெலிதா எல்லார் முன்னாலும் கத்தினாள்: "தழைத் தண்ணியக் குடுத்தே எங்கண்ணனக் கொன்னுட்டியே!"

தோமித்திலா அழவில்லை. மறுநாளே வண்டியோடு வந்து நின்றாள். கல்லுடைச்சான் இருக்கா என்று யாராவது கேட்டால் "தீந்துபோச்சு" என்பாள். தலைக்கு மேலே பச்சைப் பசேலென்று தொங்கிக்கொண்டிருக்கும். கேட்டவர்கள் அதைப் பார்த்துவிட்டு, அவள் முகத்தையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"அழுது தொலையேண்டி" என்றேன்.

"வரல, சோய்லா. நான் குடுத்ததுதான் கொன்னுச்சான்னு மட்டும் தெரியணும். தெரியாம இந்த வண்டியத் தள்ள முடியல."

எங்கள் வழக்கத்தில் ஐந்தாம் நாள், செத்தவரின் துணிகளைத் துவைக்கிற நாள். பெண்டாட்டி தொடக் கூடாது, உறவும் நட்பும்தான் துவைக்கும். முற்றத்தில் லாரித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டு நானும் நெலிதாவும் உட்கார்ந்தோம். தோமித்திலா சுவரில் சாய்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவெரோவின் வேலைச் சட்டையை நனைத்தேன். இடது கை மட்டும் விறைப்பாக இருந்தது. தண்ணீர் பட்டதும் வழவழவென்று ஊறி விரலில் இழுத்தது.

"சீ, சளியாட்டம்! என்ன கண்றாவி இது?" என்றாள் நெலிதா.

தோமித்திலா எழுந்து வந்தாள். தொடக் கூடாது என்று நான் சொல்வதற்குள் சட்டைக் கையை வாங்கித் தேய்த்துப் பார்த்தாள், முகர்ந்தாள்.

"ஆளிவிதை. என் கஷாயம்."

முற்றத்து மூலையில் பேருந்து நடத்துநர் வில்மெர் உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தார். மீசை நரைத்த மனுஷன், செவெரோவோடு வருஷக்கணக்காக ஓடியவர். சட்டையைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லுங்க, அண்ணே" என்றாள் தோமித்திலா.

"என்னத்தச் சொல்ல, தங்கச்சி. முதல் வளைவு தாண்டினதும் அவன் இடப்பக்கத்து ஜன்னல் வழியா ஊத்திருவான். காத்துல அவன் கையிலயே அடிக்கும். குடிச்சா ஒண்ணுக்கு வரும். வண்டிய நிறுத்தணும். நிறுத்தினா பின்னாடி வர்றவன் முந்தி ஆளுங்கள அள்ளிட்டுப் போயிருவான். பச்சத் தண்ணிகூடத் தொடமாட்டான். உன் மனசு நோகுமேன்னு உங்கிட்ட சொல்லல."

நெலிதா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். பிறகு முணுமுணுத்தாள்: "அப்ப உன் மேல தப்பில்ல, அண்ணி."

"குடிக்கிறாருன்னு நம்பித்தான ஆஸ்பத்திரிக்குப் போக விடல" என்றாள் தோமித்திலா. சட்டையைத் தொட்டியில் போட்டுவிட்டுப் பழைய இடத்தில் போய்ச் சாய்ந்தாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

மறுநாள் காலை ஓட்டுநர் ஒருவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டே வந்து காலி பாட்டிலை நீட்டினான். "கல்லுக்குப் போட்டு ரொப்பிக் குடுங்கக்கா."

"பாட்டில்ல கிடையாது. கல்லுன்னா மொதல்ல ஸ்கேன் எடு, டாக்டரப் பாரு. இப்ப இங்கயே நின்னு குடி."

வெறும் கஷாயத்தைத்தான் ஆற்றிக் கொடுத்தாள். குடித்தான். கொசுறும் ஊற்றினாள். அதையும் குடித்தான்.

"எதிர் ஓட்டல்ல கக்கூஸ் இருக்கு. போயிட்டு வந்து வண்டிய எடு."

"ஐயோ, பின்னாடி வண்டி வந்துருச்சுக்கா! முந்திருவான்!"

"சாவியக் குடு."

கையை நீட்டியபடியே நின்றாள். அவன் என்னைப் பார்த்தான். "குடுத்துத் தொலைடா" என்றேன். சாவியை வைத்துவிட்டு ஓட்டலுக்கு ஓடினான்.

பின்னால் வந்த பேருந்து ஒலி எழுப்பிக்கொண்டே எங்களைக் கடந்தது. நிறுத்தத்தில் நின்ற ஏழெட்டுப் பேரையும் அள்ளிக்கொண்டு வளைவில் திரும்பி மறைந்தது. தோமித்திலா சாவியை மூடிய கையோடு அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுதானா, சோய்லா? இந்த ஏழெட்டுப் பேருக்காகவா அவரு குடிக்காம இருந்தாரு?" என்றாள்.