தொலையாத எருமை

பரளச்சிக்குச் சாலை பிரியும் விலக்கில் யாராவது மறித்து, "எங்கிட்டுப் போறீக?" என்று கேட்டுவிட்டால் போதும், ரத்தினம் அந்த இடத்திலேயே ஓர் எருமையைத் தொலைத்துவிடுவார். "கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சுண்ணே. கெழக்காம வந்துச்சுன்னாக. நீங்க பாத்தீகளா?" கேட்டவர் மெனக்கெட்டு நெற்றியைச் சுருக்கி யோசிப்பார். ரத்தினம் வருத்தமாகத் தலையை ஆட்டிவிட்டுப் பெடலை மிதிப்பார். அவர் ஆயுளில் எருமை வளர்த்ததில்லை. வீட்டுக்குப் பால் வாங்குவதே டிப்போவில்தான்.

அதே ஆள் பெருநாழிக்குப் போய்ச் சேரும்போது மைத்துனனுக்குப் பெண் தேடுகிறவராகிவிடுவார். மைத்துனனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. சாயல்குடி தாண்டி உப்பளக் காற்று முகத்தில் அடிக்கிற இடத்தில் கேட்டால், கடலில் முழுகுவதாக வேண்டுதல் என்பார். அருப்புக்கோட்டையில் மனைவி சௌந்தரத்திடம் சொல்லிவிட்டு வந்திருப்பது இன்னொன்று. முதலாளி நூல் பார்த்துவரச் சொன்னாராம்.

உண்மை இவ்வளவுதான். ரத்தினம் விசைத்தறி ஓட்டுகிறவர். அவர் வேலை பார்க்கும் செட்டில் அமாவாசைக்குத் தறி நிற்கும். அன்றைக்கு விடியுமுன் பழைய ராலே சைக்கிளில் புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு, அறுபது கிலோமீட்டர் மிதித்துக் கடலுக்குப் போவார். காலை நனைப்பார், படகு நிழலில் கொஞ்சம் சாய்வார், திரும்பிவிடுவார். முழுகுவதெல்லாம் கிடையாது, தண்ணீர் என்றால் பயம்.

ஆரம்பத்தில் அவரும் யோக்கியமாகத்தான் பதில் சொல்லிப் பார்த்தார். எண்பத்தாறிலோ ஏழிலோ, "சும்மா போறேன்" என்று பரளச்சியில் ஒருவரிடம் சொல்லப்போக, அந்த மனிதர் சைக்கிளைப் பிடித்து நிறுத்தி, மோர் வாங்கிக் கொடுத்து, "எதுன்னாலும் பேசித் தீத்துக்கலாம், வீட்டுக்குப் போங்க தம்பி" என்று அருப்புக்கோட்டைப் பக்கமாகத் திருப்பிவிட்டார். வானம் பார்த்து விதைக்கிற பூமி அது. வெயிலில் ஒருத்தன் காரியமில்லாமல் சைக்கிள் மிதிக்கிறான் என்றால் புத்தி பிசகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெண்டாட்டியோடு சண்டையாக இருக்க வேண்டும். அன்றைக்குப் பிறந்ததுதான் அந்த எருமை.

சைக்கிள் விஷயத்தில் மட்டும் ஆள் வெகு கறார். "நம்ம பக்கம் மேடேதுங்கிறாய்ங்க. காத்துதாம்லே மேடு" என்று செட்டில் கூடத் தறி ஓட்டும் பால்பாண்டியிடம் கத்துவார். தறிச் சத்தத்திலேயே கிடக்கிறவர்களுக்கு வருகிற உரத்த குரல் அது, வீட்டிலும் அதே கத்தல்தான். விடியுமுன் கிளம்பினால் காற்று விழிக்காமல் இருக்கும். உச்சிப்பொழுதில் கடற்காற்று எழும்பும். அதை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பினால் பெருநாழி வரைக்கும் சைக்கிள் தானாக ஓடும். இந்தக் கணக்கு அவருக்குத் தப்பியதே இல்லை.

தப்பியது வேறு கணக்கு. தொண்ணூற்றொன்றாம் வருஷக் கோடையில் கடற்கரை பழைய கடற்கரையாக இல்லை. அக்கரையில் இலங்கையில் சண்டை. இக்கரை முழுக்கச் சோதனைச் சாவடி, புது முகம் என்றாலே விசாரணை. ரத்தினம் செய்தித்தாள் படிக்கிறவரல்ல. வழக்கம்போல அமாவாசையன்று மீனவர் குடியிருப்பு ஒன்றின் டீக்கடையில் சைக்கிளை நிறுத்தினார்.

அங்கே உட்கார்ந்திருந்தார் பெருநாழிக் கருப்பட்டி வியாபாரி உக்கிரபாண்டி. நல்ல மனிதர், சொன்னதை அப்படியே நம்புகிறவர். "வாங்க மாப்ள! ஒங்க மச்சினனுக்கு ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்கேன். சாதகம் பையிலயே இருக்கு" என்று எழுந்தே விட்டார்.

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "பொண்ணா? கடல்ல முழுகுற வேண்டுதலுன்னுல்ல எங்கிட்டச் சொன்னாக!"

பெஞ்சின் அந்தக் கோடியில் இருந்த போலீஸ் ஏட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "எதுக்குய்யா வந்தே?"

பயத்தில் ரத்தினத்தின் வாய் தன்பாட்டுக்கு, "எருமை ஒண்ணு... கயித்த அத்துக்கிட்டு..." என்றது. உக்கிரபாண்டி ஜாதகத்தை மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சாவடியில் பையைக் கொட்டினார்கள். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், உப்புத்தாள், டைனமோ ஒயர் ஒரு முழம், டார்ச் லைட்டுக்கு இரண்டு பேட்டரிக் கட்டை. மற்ற நாளில் எந்த சைக்கிள்காரனிடமும் இருக்கக்கூடியவைதான். அன்றைக்கு அந்த மேஜையில் ஒயரும் கட்டையும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்ததைப் பார்க்க ரத்தினத்துக்கே வெடிகுண்டுச் சாமான் போலத் தெரிந்தது.

"கடைசியாக் கேக்குறேன். எதுக்கு வந்தே?"

"சும்மாய்யா. சைக்கிள் மிதிக்க."

அன்று அதுவரை அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதற்குத்தான் இடது கன்னத்தில் அறை விழுந்தது.

"வீட்டுல என்ன சொல்லிட்டு வந்தே?" "நூல் பாக்கன்னு..." "ஆக, கட்டுனவளுக்கும் பொய்யி." ஏட்டு நிதானமாகச் சொன்னார். "பொழுது சாய ராமநாதபுரத்துக்கு ஜீப்பு போகும். அதுல ஏறுனா எப்பத் திரும்புவேன்னு எனக்கே தெரியாது. ஒங்க ஊருல ஒரே ஒரு ஆளு, நீ சும்மா சைக்கிள்ல வாரவன்னு சொல்லட்டும், விட்டுர்றேன்." செட் முதலாளி தங்கசாமிக்குப் போன் போனது, ரத்தினத்தின் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வரும்படி.

ரத்தினம் கம்பி ஜன்னலோரம் குந்தி யோசித்துப் பார்த்தார். அப்படிச் சொல்ல ஊரில் ஒருத்தரும் இல்லை. பால்பாண்டியிடம்கூடக் காற்றைப் பற்றிக் கத்தியதோடு சரி, கடலுக்குப் போவதை யாரிடமும் அவர் சொன்னதே இல்லையே! உச்சிப்பொழுதில் கடற்காற்று எழும்பி ஜன்னல் வழியே வந்து முதுகைத் தள்ளியது. வீட்டுக்குப் போகிற காற்று. வெளியே அவருடைய சைக்கிள் முன்சக்கரம் கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது.

ஜீப் வந்து நின்ற பிறகுதான் தங்கசாமியும் சௌந்தரமும் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். ரத்தினத்தை உள்ளேயே நிறுத்திவிட்டு வாசலில் விசாரித்தார் ஏட்டு. தங்கசாமி கையை விரித்தார். "நல்ல வேலக்காரன் சார். ஆனா நூலு பாக்க நான் அனுப்பல. அமாவாசைக்கு எங்க போறான்னு எனக்குத் தெரியாது."

ஏட்டு சௌந்தரத்தின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. ஒம் புருசன் எதுக்கு இந்தப் பக்கம் வாரான்?"

"நூல் பாக்கப் போறேம்பாக."

ஜன்னலுக்குப் பின்னால் ரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். ஜீப் டிரைவர் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

"இருங்க, முடிக்க விடுங்க" என்றார் சௌந்தரம். "அவுக சொல்றதச் சொன்னேன். நூலு பாக்கப் போனவுக வேட்டிய ஒதறுனா பஞ்சுல்ல பறக்கணும்? கடல் மணலுல்ல கொட்டுது. எங்க ஊரு கரிசலு. வெள்ள மணலு எங்கிட்டிருந்து வரும்? அஞ்சாறு வருசமா நாந்தான ஒதறுறேன்."

"எதுக்கு வாரான்னு கேட்டேன்."

"சும்மாதாங்க வாராக. நாளெல்லாம் தறிச் சத்தத்துல நிக்கிற மனுசன், வீட்டுலயும் கத்தித்தான் பேசுவாக. இங்க வந்துட்டுப் போற அன்னைக்கு மட்டும் எங்கிட்ட மெல்லப் பேசுவாக."

ஏட்டு அவரையே பார்த்தார். "தெரிஞ்சும் ஏம்மா கேக்கல?"

"கேட்டா அவுக இன்னொரு பொய்யில்ல தேடணும்? பாவம்."

ஏட்டு டிரைவரைப் பார்த்துக் கையசைக்க, ஜீப் வெறுமனே புறப்பட்டுப் போனது. ரத்தினம் வெளியே வந்தபோது சௌந்தரம் அவருடைய கன்னத்தைப் பார்த்தார், பார்க்காததுபோல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நூலு பாத்தாச்சுல்ல, கெளம்புங்க" என்றார். அடி விழுந்தபோது வராத அழுகை ரத்தினத்துக்கு அப்போதுதான் வந்தது.

ராலே இன்னும் ஓடுகிறது. ரத்தினமும் அமாவாசை தவறாமல் போகிறார். இப்போதெல்லாம் பொய் சொல்வதில்லை. பரளச்சி விலக்கில், "எங்கிட்டுப் போறீக?" என்று யாராவது மறித்தால் காலை ஊன்றி நின்று, முகத்தைப் பார்த்து, "சும்மாதாண்ணே போறேன்" என்பார். சொல்லி வாய் மூடுமுன், அவருடைய இடது கை ஹேண்டில்பாரை விட்டுக் கன்னத்தைப் பொத்திக்கொள்ளும்.